சுண்ணாம்பில் பதித்த கல்

ஜோலார்பேட்டையில் வேதாசலத்தின் வீட்டு ஹாலுக்குள் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது என்பது மருமகளின் உத்தரவு. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவும் அந்த வீட்டில் ஆள் கிடையாது என்பது வேதாசலத்தின் நிலைமை. இருப்பது அவர் ஒருவர்தான். அவரும் ஹாலைத் தொடாமல் பக்கவாட்டு நடை வழியாகச் சமையலறைக்குப் போய், அங்கேயே சாப்பிட்டு, அதை ஒட்டிய சின்ன அறையில் படுத்துக்கொள்வார்.

ஹால் தரை அப்படிப்பட்டது. விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்து, கப்பலேறி வந்து, ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டில் நாலு தலைமுறை மிதிபட்ட கற்கள். அந்த வீட்டை இடித்தபோது பெங்களூரில் பழைய சாமான் விற்கும் பெரிய கிடங்கு ஒன்றுக்குப் போயின. அங்கே கழுவித் துடைத்து 'ஆன்டிக்' என்று பெயர் சூட்டியதும் அவற்றுக்குத் தனி மவுசு வந்துவிட்டது. செங்காவிச் சதுரம், நடுவில் வெண்ணெய் நிறத்தில் நாலிதழ்ப் பூ, ஓரத்தில் ஒரு வரிசை கறுப்பு. வேதாசலத்தின் மருமகள் நிஷா பெங்களூரில் அடுத்தவர் வீடுகளை அலங்காரம் செய்து கொடுக்கிறவள். சொந்த வீட்டுக்குச் சும்மா விடுவாளா? தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள்.

"இது மேல பூசின கலர் இல்ல மாமா," என்று ஒரு கல்லை எடுத்துக் காட்டினாள். "பூவுக்குத் தனி மண்ணு, சுத்தி இருக்கறதுக்குத் தனி மண்ணு. ரெண்டையும் ஒண்ணா அழுத்திச் சுட்டிருக்காங்க. எவ்ளோ தேஞ்சாலும் பூ அழியாது."

கொத்தனார் சிமெண்ட் கலக்கப் போனபோது நிஷா தடுத்துவிட்டாள். பழைய முறைப்படி சுண்ணாம்பும் மணலும்தான் வேண்டும் என்றாள். வாசலில் தொட்டி கட்டிச் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற வைத்தது வேதாசலம்தான். அப்போது மகன் செந்தில்குமார் ஏன் இத்தனை பாடு என்று கேட்டான். "நாளைக்கு வீட்ட வித்தோம்னா கல்ல மட்டும் எடுத்துக்கலாம்ல? சுண்ணாம்புன்னா உடையாம வந்துடும்," என்றாள் நிஷா. சூது வாது இல்லாமல்தான் சொன்னாள். வாசற்கால் வைத்து மாலைகூட வாடாத வீட்டை விற்பது பற்றி அவள் யோசித்து முடித்துவிட்டது வேதாசலத்துக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வாரா வாரம் வருகிறோம் என்றுதான் அந்த வீட்டைக் கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தார்கள். ஹாலில் பித்தளை உருளி, பிரம்பு நாற்காலி, மேற்குச் சுவரோரம் ஒரு பெரிய புத்தர் தலை எல்லாம் வைத்து, எல்லாப் பக்கமும் படம் பிடித்தார்கள். படத்தில் வந்துவிடப் போகிறார் என்று வேதாசலத்தைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். பிறகு பெங்களூருக்குப் போனவர்கள்தான். கேட்டால் வேலை. நிஜமாகவே வேலைதான். அவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூட அதை வைத்துப் பொழுதை ஓட்டியிருக்கலாம்.

வேதாசலம் கூட்ஸ் வண்டி கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்தே அவருடைய ஆயுசில் பாதி போயிற்று. அதனால் ஊரில் யாராவது "தனியா எப்பிடி சார் இருக்கீங்க?" என்று கேட்டால், "நமக்கு இது பழக்கம்தானே," என்று சிரிப்பார். அது பொய். அன்றைக்குத் தனியாக இருந்ததற்குச் சம்பளம் வந்தது. முன்னால் ஒரு ரயிலும், போய்ச் சேர ஓர் ஊரும், வீட்டில் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்க மனைவியும் இருந்தார்கள். இப்போது மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தன் குரலைத் தானே கேட்க வேண்டுமானால் கீரைக்காரி வர வேண்டும். இதற்குத் தனிமை என்று பெயர் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆண்பிள்ளை, அதுவும் ரயில்வேக்காரன், அப்படி ஒரு வார்த்தையை வாயால் சொல்லலாமா என்ன?

இப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை பகலில் வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். வெள்ளை ஜிப்பா, தொப்பி, நரைத்த தாடி, கையில் பேக்கரி பிஸ்கட் பொட்டலம். நிதி வசூலுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பையைத் தடவினார் வேதாசலம்.

"ஆம்பூர்ல இருந்து வர்றேன் சார். பேரு மக்பூல் அகமது. தப்பா நெனைக்காதீங்க. உங்க ஹால் தரைய ஒரு தடவ பாத்துட்டுப் போய்டறேன்."

"தரையவா?"

"என் பேத்தி போன்ல ஒரு படம் காட்னா சார். பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது எங்க வூட்டுத் தரை."

நிஷா ஊர், தெருப் பெயரோடு நெட்டில் போட்ட படம் ஊரெல்லாம் சுற்றி ஆம்பூருக்கும் போயிருக்கிறது. வேதாசலம் கதவைத் திறந்துவிட்டார். மக்பூல் அகமது செருப்பை வாசலிலேயே விட்டு, வெறுங்காலோடு ஹாலுக்குள் வந்தார். நேராக ஒரு மூலைக்குப் போய்க் குந்தினார். அங்கே ஒரு கல்லில் மூலை உடைந்து அரக்கு வைத்து அடைத்திருந்தது. அந்த உடைசலுக்காகவே நிஷா அந்தக் கல்லைக் கண்ணில் படும் இடத்தில் பதிக்கச் சொல்லியிருந்தாள், அதுதான் அழகாம்.

"எங்க அக்கா கல்யாணத்துல பிரியாணி டேக்சா வுழுந்து ஒடஞ்சது. சமையல்காரனுக்குச் செம திட்டு," என்று அந்த அரக்கைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு எழுந்து கறுப்பு வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "இத மட்டும் மாத்திப் போட்டுட்டாங்க. எங்க வூடு தெருவுக்கு நேரா இருக்கும். கிப்லா, அதான் தொழுவுற தெச, நேரா இருக்காது. அதனால இந்தக் கறுப்பு வரிசைய மட்டும் குறுக்கால சாய்ச்சிப் போட்டிருந்தாரு எங்க தாத்தா. அது மேல காலு வெச்சி நின்னா மக்காவுக்கு நேரா நிப்போம். வூட்டு ஆம்பளைங்க மொத்தமும் ஒரே வரிசை."

இங்கே நிஷா அதைச் சுவருக்கு இணையாகக் கோடு கிழித்தாற்போலப் பதிக்க வைத்திருந்தாள். வேதாசலம் தானே தப்புச் செய்தவர்போல, "எங்களுக்குத் தெரியாது பாய்," என்றார்.

டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கம்மியாக. மக்பூல் அகமது தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பார்த்தவர். தோலைத் தடவிப் பார்த்தே முதல் தரமா, மூன்றாம் தரமா என்று பிரிப்பது அவர் வேலை. குடும்பத் தொழில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி, பாகம் விற்பனையாகி, கடைசியில் வீடும் போயிற்று. வேதாசலம் பச்சைத் தோல் ஏற்றிய வேகன்களுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு போன கதையைச் சொன்னார். "எங்க தோலா சார் அது? மன்னிச்சிக்குங்க," என்று மக்பூல் அகமது கைகூப்ப, வேதாசலம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தம் ஹாலில் எதிரொலித்தது அவருக்கே புதிதாக இருந்தது.

சாயங்கால அசர் தொழுகை நேரம் வந்ததும் மக்பூல் அகமது தயங்கினார். "சார், ஒரு அஞ்சு நிமிசம் இங்கயே தொழுதுக்கட்டுமா?"

வேதாசலம் போய்ப் புத்தர் தலையைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார். தொழுகிறவர் முன்னால் சிலை இருக்கக் கூடாது என்று ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லா மதத்தாரோடும் வாழ்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மக்பூல் அகமது கல்லின் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக நின்று தொழுதார். கீழே விரிப்பு எதுவும் போடவில்லை. நெற்றியை அந்தப் பூவின் மேலேயே வைத்தார். வேதாசலம் நடையில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமையும் அவர் வந்தார். அதற்கடுத்ததும். மதியத்து பாசஞ்சரில் வருவார். சாயங்கால வண்டியில் போவார். வேதாசலம் புதன்கிழமையே பால் கூடுதலாகச் சொல்லிவைப்பார். வியாழன் காலையில் ஹாலைத் துடைத்து, புத்தரை அப்புறப்படுத்தி, சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய் நிற்க ஆரம்பித்தார். வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் வியாழனுக்கு முன்னால், வியாழனுக்குப் பின்னால் என்று இரண்டாகப் பிரிந்தன. அவர்கள் பெரிதாக என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை அளவு, முட்டி வலி, வேதாசலத்தின் செருப்பு அசல் தோல்தானா என்ற ஆராய்ச்சி. அது அசல் இல்லை என்று தீர்ப்பாயிற்று. சில நாள் பிரம்பு நாற்காலியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தூங்கிவிடுவார்கள். ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சுவிடும் சத்தத்தோடு தூங்குவது வேறு ரகம்.

ஒரு வியாழக்கிழமை மக்பூல் அகமது ரயிலில் வரவில்லை. மகன் ஃபஹீம் காரில் கூட்டிவந்தான். ஷூ கம்பெனி ஒன்றில் மேனேஜர். மரியாதையான பையன். வேதாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அங்கிள், அப்பா ரூமுக்கு மட்டும் தரைய மாத்தலாம்னு இருக்கேன். சின்ன ரூம்தான். இந்தக் கல்லுல கொஞ்சம் குடுத்தீங்கன்னா, உங்க ஹாலுக்கு நீங்க கேக்கற டைல்ஸ் நானே எறக்கித் தந்துடறேன். இந்த வயசுல அப்பா வாரா வாரம் ரயில் ஏறி எறங்கறது பேஜாரா இருக்கு. வூட்லயே இருந்துச்சுன்னா அலையத் தேவல்ல பாருங்க."

நியாயமான பேச்சு. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வேதாசலத்தின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். அலையத் தேவையில்லை. கல் போனால் வியாழக்கிழமை போயிற்று. கல்லின் மேல் ஆசை உள்ளவர்போல நடிக்கவும் அவருக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது வராது தம்பி. சிமெண்ட் வெச்சி ஒட்டினது. எடுத்தா அப்பளமா நொறுங்கிடும்."

தானே தொட்டி கட்டி, தானே நீற்றிக் கிளறிய சுண்ணாம்பின் மேல் நின்றுகொண்டு சொன்னார். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனுஷன்.

ஃபஹீம் ஏமாற்றத்தோடு தரையைப் பார்த்தான். "ஒண்ணு ரெண்டு எடுத்துப் பாத்தா...?"

"வுடு ஃபஹீம்," என்றார் மக்பூல் அகமது. "சார்தான் சொல்றாரே. ஒடைக்கறதுக்கா கேக்கறது? இருக்கற எடத்துல இருக்கட்டும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை மக்பூல் அகமது வழக்கம்போல பாசஞ்சரில் வந்து இறங்கினார். வேதாசலத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நிம்மதிதான் ஜாஸ்தி. ஆனாலும் மக்பூல் அகமது சாய்வாக நின்று தொழுது, எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், இந்தக் கல் அந்த மனுஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று வேதாசலத்தின் நெஞ்சு குத்தியது. இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பார். சாயங்கால வண்டி வந்துவிடும்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் ஒரு வியாழன் அவர் வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று நினைத்தார் வேதாசலம். மறு வியாழன் ஸ்டேஷனில் நின்று, பாசஞ்சரில் இறங்கிய கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினார். போன் செய்தால் ஃபஹீம் எடுத்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேலூரில் சேர்த்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், பயமில்லை என்றான். "மூணாவது மாடி அங்கிள், லிஃப்ட் இல்ல. டாக்டர் படி எறங்கவே கூடாதுன்னுட்டாரு."

"அப்ப இனிமே..."

"இனிமே வெளிய எங்கயும் அனுப்ப மாட்டோம் அங்கிள். நீங்க கவலப்படாதீங்க."

கவலைப்படாதீர்கள் என்று அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வேதாசலம் போனை வைத்துவிட்டு ஹாலில் போய் நின்றார். புத்தர் சமையலறையிலேயே இருந்தார். அவரைத் திரும்ப எடுத்து வைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம்பூர் என்ன அமெரிக்காவா? அவருக்கு ரயில் பாஸ்கூட இருக்கிறது. ஆனால் வேதாசலம் அப்படி வளர்ந்தவர் இல்லை. வேலை இருந்தால் போவார், டூட்டி என்றால் போவார், கல்யாணம், கருமாதி என்றால் போவார். சும்மா ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மக்பூல் அகமதுவுக்குப் பிரச்சினை இல்லை. தரையைப் பார்க்க வந்தேன் என்று சொன்னார். இவர் எதைப் பார்க்கப் போவது? அந்த மனுஷனுக்குத் தன் பழைய தரைதான் வேண்டியிருந்தது, அதன் மேல் நின்றுகொண்டிருந்த ரயில்வேக்காரன் உபரி என்ற எண்ணமும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. கீரைக்காரிகூட, "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டாள்.

கடைசியில் அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. கல்லையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. பொய்யும் தீர்ந்துவிடும், போவதற்கும் ஒரு சாக்கு.

ஒரு காலையில் பட்டை உளியை இரவல் வாங்கிவந்து ஹாலில் குந்தினார். மக்பூல் அகமது தொழும் இடத்தில் உளியை இடுக்கில் விட்டு லேசாக நெம்பினார். கல் பூப்போல எழும்பி வந்தது. அப்பளமாக நொறுங்கும் என்று சொன்னவர் கையில் ஒரு கல்லுக்கும் கீறல்கூட விழவில்லை. முழு அறைக்கும் அவரால் தூக்க முடியாது. ஓர் ஆள் நெற்றி வைக்கவும், இரண்டு பக்கமும் கை ஊன்றவும் போதுமான கற்களை எடுத்தார். மூலை உடைந்த கல்லையும் சேர்த்துக்கொண்டார். பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் இடையில் வைத்து ரெக்சின் பையில் அடுக்கினார். தரையில் ஒரு பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நிஷா பார்த்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தார். நிஷா எப்போது வந்து பார்க்கப் போகிறாள் என்று அடுத்து யோசித்தார்.

ஆம்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்துக்கொண்டு போனார். கீழே செருப்புக் கடைகள், மேலே வீடுகள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பையை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறினார். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஃபஹீமின் மனைவி தபஸ்ஸும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஜோலார்பேட்ட அங்கிளா? அப்பா உங்களப் பத்திதான் சொல்லிட்டே இருப்பாரு. உள்ள வாங்க."

சின்ன அறை. கட்டில், மருந்து மேசை, ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. பளபளக்கும் வெள்ளைத் தரை. நாற்காலியில் இருந்த மக்பூல் அகமது பாதியாக இளைத்திருந்தார்.

"கார்ட் சார்!" எழப் போனார். முடியவில்லை. "இன்னா சார் இவ்ளோ பெரிய பை? கல்லு கில்லு தூக்கினு வந்தீங்களா?"

"கல்லுதான் பாய்."

வேதாசலம் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். வேட்டித் துணியைப் பிரித்துக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக்கு முன்னால் பரப்பினார். எந்தப் பக்கம் மேற்கு என்று ஜன்னலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, கொஞ்சம் வடக்கே சாய்த்து வைத்தார். அந்தச் சாய்வு அவருக்கு இப்போது மனப்பாடம்.

"இங்க போட்டு வெச்சிக்கிங்க. தொழும்போது நெத்திக்கு நேரா இருக்கும்."

மக்பூல் அகமது கற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தாடி ஆடியது.

"உக்காந்துனுதான் சார் தொழுவுறேன். நாற்காலியிலயே. குனியக் கூடாதுன்னுட்டாங்க. தலைய லேசா அசைச்சா போதும், அல்லா ஏத்துக்குவான். நெத்தி தரைல பட்டு ரொம்ப நாளாச்சு."

வேதாசலத்துக்கு இது தெரியாது. நெற்றி தரையில் படாமலும் தொழலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தரையில் பரப்பிய கற்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத நாளில் கொண்டுவந்து கொடுக்கிறோமே என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"அந்தக் கல்ல எடுங்க," என்றார் மக்பூல் அகமது. மூலை உடைந்த கல். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பினார். பின்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்து வேட்டியில் விழுந்தது.

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "சிமெண்ட்டுன்னு சொன்னது பொய் பாய்."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"மொத நாள்ல இருந்து. நெத்திய வெச்சன் இல்ல, கல்லு கொஞ்சம் அசைஞ்சுது. சிமெண்ட்ல ஒட்டின கல்லு அசையுமா?"

"அப்ப தம்பிகிட்ட ஏன் சொல்லல?"

மக்பூல் அகமது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருந்தது.

"சொன்னா கல்லு இங்க வந்துடும். அப்பறம் வியாழக்கிழம நான் எங்க சார் போறது? இவங்கல்லாம் தங்கமான புள்ளைங்க. ஒரு கொற சொல்ல முடியாது. மாத்திரை எடுத்து வெப்பாங்க. சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. நின்னுக்கினே கேப்பாங்க. பாவம், அவுங்களுக்கு வேல. இந்த ரூம்ல வந்து யாரும் உக்கார மாட்டாங்க."

பிறகு மக்பூல் அகமது கல்லை நீட்டினார்.

"எல்லாத்தயும் எடுத்துட்டுப் போய்டுங்க. திரும்ப அங்கயே பதிச்சி வெய்ங்க. அது அங்க இருந்தாதான் எனக்குப் போறதுக்கு ஒரு எடம் இருக்கும். ஒடம்பு தேறினா வர்றேன். இன்ஷா அல்லா."

வர மாட்டார் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். வேதாசலம் சரி என்று தலையாட்டினார். கற்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பையில் அடுக்கினார். தபஸ்ஸும் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். வர்றேன் பாய் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஏறும்போதைவிட இறங்கும்போது பை கனத்தது. முதல் திருப்பத்தில் அதைக் கீழே வைத்தார். வர ஒரு காரணம் வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்தது இந்தக் கல்லைத்தான். அதையும் இப்போது திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார். இனி இந்தப் படியில் ஏறுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அந்தத் திருப்பத்தில், சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, இந்த வயதில் அழுகை வருகிறதே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

பையை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறினார். கதவைத் தட்டினார்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களா அங்கிள்?" என்றாள் தபஸ்ஸும்.

ஆமாம்மா, கண்ணாடி என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்கினார்.

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு நேராக அறைக்குள் போனார். மக்பூல் அகமது அதே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ற வியாழக்கிழம நான் வர்றேன் பாய்."

மக்பூல் அகமது திரும்பினார். "இன்னாத்துக்கு சார்? மூணு மாடி ஏறி. இங்க பாக்கறதுக்கு இன்னா இருக்கு?"

"எனக்குப் பேச ஆள் இல்ல பாய்," என்றார் வேதாசலம். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. "வூட்ல ஆள் இல்ல. ஊர்லயும் இல்ல. வியாழக்கிழம நீங்க வராம என்னால இருக்க முடியல."

மக்பூல் அகமது அவரையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, இளைத்துப் போன உடம்பில் இருந்த குரலையெல்லாம் கூட்டி, மருமகளைக் கூப்பிட்டார்.

"தபஸ்ஸும், ஹால்ல இருந்து ஒரு நாற்காலி எடுத்தாம்மா. சாரு உக்காரணும்."